ஐநூறு வாட்ஸ்

செப்டம்பர் 24, புதன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து மணிக்குச் சின்னராஜ் வந்தார். இரண்டும் எனக்குப் பழக்கம்தான், ஒரே நாளில் வந்ததுதான் கஷ்டம்.

சின்னராஜுக்குப் பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ. அவர் எடுப்பார், நான் வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்து கொடுப்பேன். இன்றைக்குப் பூவிழி கல்யாணத்து ஹார்டுடிஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு என் கம்ப்யூட்டரை ஏற இறங்கப் பார்த்தார். ஆவணியில் நடந்த கல்யாணம். மூன்று கேமரா, ஒரு டிரோன், எல்லாமே ஃபோர்-கே.

"இது உங்க மெஷின்ல ஓடுமாங்க?" என்றார்.

ஓடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்ட விதம்! பழைய இரும்புக்காரன் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார்.

பூவிழிக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளை வீட்டு ஜனம் எல்லாம் வருகிறது. அன்றைக்குப் பெரிய டிவியில் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டவேண்டும் என்று பெண்ணின் அம்மா நிர்மலா கேட்டிருக்கிறார். "தீபாவளிக்கு மொத நாள் என் கைக்கு வந்துரணும். வரலைன்னா இந்த மெஷினத் தூக்கிப் போட்டுட்டு நம்ம கடைக்கே வந்துருங்க. புது சிஸ்டம் இருக்குது, ஏசி இருக்குது, மாசமானா சம்பளம். என்னாங்க கஷ்டம்?"

என்ன கஷ்டமா? அரூரில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருஷம் உட்கார்ந்தேன். எடிட்டிங் வேலை என்று சேர்த்துக்கொண்டு, கஸ்டமர் வந்தால் என்னைத்தான் டீ வாங்கிவரச் சொன்னார்கள். கூட இருந்த இரண்டு ஆம்பளைகளுக்கும் கால் இல்லையா? ஒரு வீடியோவின் கடைசியில் 'எடிட்டிங்: ராஜமேரி' என்று ஒரே ஒரு வரி போட்டேன். ஓனர் எல்லாரையும் கூப்பிட்டு அதைக் காட்டிச் சிரித்தார். அன்றைக்கு எழுந்து வந்தவள்தான். இப்போது வீட்டு முன் அறையில் என் மேசை, என் கம்ப்யூட்டர், கடைசியில் என் வரி. ஒன்பது வருஷம் ஆகிறது.

இன்னொருத்தர் கடை நாற்காலியில் உட்கார மாட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஜோவுக்கு ஃபோன் போட்டேன். என் தம்பி, ஓசூரில் கம்பெனி வேலை. இந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவனே அவன்தான்.

"மெஷின எல்லாம் மாத்த வேணாம்க்கா. கிராபிக்ஸ் கார்டு மட்டும் புதுசு போடு, பறக்கும்."

"பழைய பவர் சப்ளை தாங்குமாடா?"

"ஐநூறு வாட்ஸ்க்கா! எந்தக் கார்டு போட்டாலும் தாங்கும்."

பவர் சப்ளை என்பது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கிற இரும்புப் பெட்டி. கரண்டை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். ஐநூறு வாட்ஸ் என்பதை இவன் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது அவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி வந்து, முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூட்டினான். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது டப் என்று ஒரு சத்தம். நான் சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தேன். "ட்யூப்லைட் சோக்கு போயிருச்சுக்கா" என்றான். சாயங்காலம் ஃபாதர் புதுக் கம்ப்யூட்டரை மந்திரிக்க வருகிறார், அறை இருட்டாக இருக்கக்கூடாது என்று வண்டியை எடுத்துக்கொண்டு அரூர் வரைக்கும் போய் வாங்கி வந்தான். ஒரு சோக்குக்காக அரூர் போன பிள்ளை என்று அம்மா கோயிலில் எல்லாரிடமும் சொன்னது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அதற்கு முன்னாலேயே ஜோ கம்ப்யூட்டருக்கு உள்ளே, அந்த இரும்புப் பெட்டிமேல், வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரை ஒட்டியிருந்தான். வெளியே ஒட்டினால் கை பட்டு அழுக்காகுமாம். பக்தியைப் பாருங்கள் என்று ஃபாதரே மெச்சினார்.

வீட்டுக்காரர் கார்டு வாங்கச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை அவருக்கு லோடு இல்லை. அரூர் போகிறோம்.

செப்டம்பர் 29, திங்கள்

அரூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெயர் ராஜா. பெயருக்கேற்ற கொலுவுதான்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். கார்டு வேண்டும் என்று கேட்டது நான். அவர் பதில் சொன்னது என் வீட்டுக்காரருக்கு. "சாருக்கு எதுக்குங்க, கேம் ஆடறதுக்கா?" அருள்நாதன் பாவம், திருதிருவென்று விழித்தார். "நான் தக்காளி லோடு ஓட்றேங்க. இதெல்லாம் அவங்கதான்." அதற்குப் பிறகும் ராஜா அவரைப் பார்த்தேதான் பேசினார். எத்தனை ஜிபி, எத்தனை ஃபேன் என்று எல்லாம் தக்காளிக்கே விளக்கம். நான் நடுவில் நின்று பதில் சொன்னேன், வக்கீல் மாதிரி.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர் மாதாவைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "லேபிள் இதுக்கு அடியில இருக்குது போல. சாமி படம், நான் பிரிக்கலைங்க. சப்ளை எத்தன வாட்ஸுங்க?"

"ஐநூறு" என்றேன். அழுத்தமாகச் சொன்னேன்.

"அப்ப தாங்கும்."

புதுக் கார்டுக்கு எட்டு முள் வயர் ஒன்று சப்ளையிலிருந்து வரவேண்டும். எங்கள் பெட்டியில் அப்படி ஒரு வயரே இல்லை. "ஐநூறுல இருக்கணுமே" என்று முனகினார். பிறகு, பழைய மாடலாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு, ஹார்டுடிஸ்க்குக்குப் போகிற வயர் இரண்டைச் சேர்த்து எட்டு முள்ளாக மாற்றும் இணைப்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். திரை வந்தது. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 1, புதன்

முகூர்த்தக் காட்சி முழுதும் ஒரு இடத்தில்கூடத் திக்காமல் ஓடியது. ஜோ சொன்னது சரிதான்.

அக்டோபர் 4, சனி

ஜோ சொன்னது சரியில்லை. அல்லது ராஜா விற்றது சரியில்லை. யாரோ ஒருத்தர் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

வெட்டுகிறேன், ஒட்டுகிறேன், கலர் மாற்றுகிறேன், ஒன்றும் இல்லை. எல்லாம் முடித்து மொத்த வீடியோவையும் ஒரே ஃபைலாக எழுது என்று கொடுத்தால், பத்து சதவீதம், பன்னிரண்டு சதவீதம் — அவ்வளவுதான். அணைந்துவிடுகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. ஃபேன் நிற்கிறது, திரை கறுக்கிறது, என் முகம் அதில் தெரிகிறது.

நேற்று மூன்று தடவை. இன்றைக்கு ஐந்து.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஜோவிடம் பேசினேன்.

"உங்க வூட்டு கரண்டுதான்க்கா. பொம்மிடில எப்பவுமே வோல்டேஜ் ஒரே மாதிரி வராது."

ஃபிரிட்ஜ் ஓடுகிறது. மிக்ஸி ஓடுகிறது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. கரண்டுக்கு என் கம்ப்யூட்டர்மேல் மட்டும் என்ன கோபம்?

அக்டோபர் 7, செவ்வாய்

கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கார்டை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறித் தனியாக அரூர் போனேன். ராஜா அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. "கார்டு நல்லா இருக்குதுங்க. நீங்க வூட்ல மாட்டறப்ப ஏதாச்சும் தப்பாப் பண்ணிருப்பீங்க. சாரை வரச் சொல்லுங்க, நான் சொல்லித் தர்றேன்."

சாரை!

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. யாரோ ஓட்டித் தேய்த்த கார்டைப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். பொம்பளை என்றால் எதை வேண்டுமானாலும் விற்கலாமா என்றேன். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். பேனா டிரைவ் வாங்க வந்த ஒருத்தர் வாங்காமலே போய்விட்டார். ராஜா முகம் செத்துப்போயிற்று. "அம்மா, நான் அப்படி யாவாரம் பண்றவன் இல்லைங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது நன்றாக இருந்தது. இப்போது எழுதும்போது அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் கார்டு கெட்டதுதான். வேறு என்ன?

அக்டோபர் 8, புதன்

ஃபோனில் தேடித் தேடிப் படித்தேன். வேலை கூடும்போது மட்டும் அணைந்தால் பவர் சப்ளையைப் பார் என்கிறார்கள். பழைய சப்ளை என்றால் முதலில் அதைத்தான் பார் என்கிறார்கள்.

ஜோவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "ஏன்டா, அந்த ஐநூறு—"

குதித்துவிட்டான். "நான் போட்ட மெஷின்மேல உனக்கு சந்தேகமாக்கா? மாதா படத்த நானே என் கையால ஒட்டிருக்கேன். அதுக்கு மேல என்ன கேரண்டி வேணும்?"

அதற்கு மேல் என்ன கேட்பது? மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். நான்! அவனிடம்!

அக்டோபர் 9, வியாழன்

சின்னராஜ் வந்தார். வீடியோ எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சொல்லிவைத்தாற்போல் அணைந்தது.

சிரித்தார். சத்தம் போட்டுக்கூட இல்லை. "ஒண்ணும் அவசரமில்லைங்க. உங்களுக்குன்னு கடையில ஒரு சேரு வாங்கிப் போட்டுட்டேன். முதுகு வலிக்காத சேரு."

வாங்கிப் போட்டுவிட்டாராம்! நான் வருகிறேன் என்று யார் சொன்னது? தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, அதற்குள் எனக்கு நாற்காலி போட்டாயிற்று!

கேட்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மெஷின் அணைந்து கிடக்கும்போது எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது?

அக்டோபர் 11, சனி

மொத்தமாக எழுதினால்தானே அணைகிறது, ஐந்து ஐந்து நிமிஷமாக எழுதிப் பிறகு ஒட்டலாம் என்று பார்த்தேன். நான்கு துண்டு வந்தது. ஐந்தாவது துண்டில் அணைந்தபோது புராஜெக்ட் ஃபைலே கெட்டுவிட்டது. மாங்கல்ய தாரணம் முழுதும் போயிற்று. மூன்று கேமராவையும் நாதஸ்வரத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டி, பூவிழி தலை நிமிர்கிற இடத்தில் சரியாகத் தவில் விழும்படி வைத்திருந்தேன். இரண்டு நாள் வேலை.

அழுதேன். கோபத்தில்தான்.

பழைய கார்டைத் திரும்பப் போடுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். போட்டுப் பார்த்தேன். அணையவில்லை. ஆனால் ஃபோர்-கே படம் நகரவும் இல்லை. மறுபடி கழற்றிப் புதுசையே போட்டேன். ஓடுகிறது என்றால் அணைகிறது, அணையவில்லை என்றால் ஓடவில்லை. இந்த வீட்டில் எனக்கு வாய்த்தது எல்லாம் இப்படித்தான்.

இதை அவர் படிக்க மாட்டார். தமிழில் என் கையெழுத்து யாருக்கும் புரியாது.

அக்டோபர் 13, திங்கள்

இது ஜெபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். இன்றைக்கு எங்கள் முறை. மறந்தே போய்விட்டேன்! ஆறு மணிக்குப் பதினாலு பேர் வாசலில் நிற்கிறார்கள். முன் அறை நடுவில் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது. ஒதுக்கக்கூட நேரமில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் சொன்னோம்.

முடிந்து சுண்டல் கொடுக்கும்போது கேத்தரின் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தது. எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்துக்குத் தலைவி அந்த அக்கா. பார்வைக்கு எதுவும் தப்பாது.

"ஏன்டி ராஜமேரி, இது என்ன அநியாயம்? மாதாவ இந்தத் தூசிக்குள்ள, வயருக்கு நடுவுல வச்சிப் பூட்டி வச்சிருக்கியே?"

"ஜோ ஒட்டினதுக்கா. மெஷினுக்குக் காவலா இருக்கட்டும்னு."

"காவலுக்கு வெச்சா மூஞ்சியாச்சும் தெரிய வேணாமா? ஒம்போது வருசமா இருட்டுலயா நிப்பாங்க? வெளிய எடுத்து வை, மொதல்ல."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் ஓடாத துக்கம் எனக்கு, இவர்களுக்கு ஸ்டிக்கர் துக்கம். ஆனால் படுக்கப் போகிற வரைக்கும் அக்கா சொன்னதே காதில் இருந்தது. உண்மைதானே, தூசிதானே?

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குச் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஸ்டிக்கர்மேல் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். கிழியாமல் வந்தது. ஒரு மூலை மட்டும் போயிற்று. தாயே மன்னித்துக்கொள் என்று துடைத்துத் தட்டில் வைத்தேன்.

அடியில் லேபிள்.

முந்நூறு வாட்ஸ்.

மூன்று, சைபர், சைபர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முந்நூறுதான். அதன் பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'சிஸ்டம் 7'.

என்னுடையது சிஸ்டம் ஏழா? அப்படியென்றால் ஒன்று முதல் ஆறு வரை யார் வீட்டில் இருக்கிறது?

படித்து வைத்திருந்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். மொத்த வாட்ஸ் முக்கியமில்லை, பன்னிரண்டு வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார் என்றிருந்தார்கள். பதினான்கு. பன்னிரண்டு பதினான்கு நூற்று அறுபத்தெட்டு வாட்ஸ், பெட்டி கொடுப்பது அவ்வளவுதான். கார்டு மட்டும் முழு வேலையில் நூற்றுப் பதினைந்து கேட்கும். பிராசசர் அறுபத்தைந்து. அதிலேயே நூற்று எண்பது ஆயிற்று. ஃபேன், ஹார்டுடிஸ்க் எல்லாம் அதற்கு மேலே. பன்னிரண்டு சதவீதம் வரைக்கும் அந்தப் பெட்டி ஓடியதே பெரிய விஷயம்.

ஒன்பது வருஷம். ஐநூறு ஐநூறு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! சின்னராஜிடம் சொன்னேன். ராஜாவிடம் அழுத்தி அழுத்திச் சொன்னேன். அந்த மனுஷன் என் வார்த்தையை நம்பி, தாங்கும் என்றார். அவரைத்தான் கடை நடுவில் நிற்க வைத்துத் திருடன் என்காத குறையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

மாதா படத்தை நானே ஒட்டினேன், கேரண்டி — ஏன்டா, எதை மறைக்கறதுக்குடா ஒட்டுன? மாதாவையாடா மூடியாப் போட்ட? அக்காகிட்ட சொல்லித் தொலைச்சா நான் என்ன உன்ன கடிச்சா தின்னுருவேன்? மன்னிப்பு வேற கேட்டேனேடா உன்கிட்ட!

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியாது.

அக்டோபர் 15, புதன்

ஜோவுக்கு ஃபோன் செய்யவில்லை. லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், ஒரு வார்த்தை எழுதாமல். இரண்டு டிக்கும் நீலமாயிற்று. பார்த்துவிட்டான்.

அக்டோபர் 16, வியாழன்

ஓசூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, தர்மபுரியில் மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்து நின்றான். லீவு போட்டிருக்கிறான். கையில் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து லேபிளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மாதா மேசைமேல் தட்டில் இருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பின்னாடி ஒரு சிவப்பு சுவிட்சு இருந்துச்சுக்கா. நூத்திப் பதினஞ்சு, எரநூத்தி முப்பதுன்னு. எதுக்குன்னு தெரியாம நான்தான் தள்ளிட்டேன். நம்ம கரண்டுக்கு எரநூத்தி முப்பதுல இருக்கணும். போட்டதும் டப்புன்னு போயிருச்சு."

சோக்கு!

"ஐநூறு வாட்ஸ் வாங்குனது நெஜம்க்கா. அதுதான் போயிருச்சு. ஆறு மணிக்கு ஃபாதர் வர்றாரு. அம்மா கோயில் ஜனத்தையே கூப்ட்டு வச்சிருக்குது, எங்க ஜோ கம்ப்யூட்டர் செஞ்சிருக்கான்னு. என்ன பண்றதுன்னே தெரியல. அரூர்ல ஒரு பிரவுசிங் சென்டர மூடிட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட கெஞ்சி, ஏழாம் நம்பர் சிஸ்டத்துல இருந்த இத வாங்கியாந்து மாட்டுனேன். லேபிள்ல நம்பரு பளிச்சுனு தெரிஞ்சுது. கோயில்ல வாங்கின ஸ்டிக்கர் பையில இருந்துச்சு."

"அப்புறமாச்சும் சொல்லிருக்கலாமேடா?"

"சொல்லணும்னுதான்... நல்லா ஓடுச்சுக்கா. நீ வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் என் தம்பி போட்டது, ஐநூறு வாட்ஸ்னு சொல்லிட்டே இருந்த. கேட்டுக் கேட்டு எனக்கே அப்பிடித்தான்னு ஆயிப்போச்சு. அன்னிக்கு ஃபோன்ல நீ கேட்டியே, அப்ப எனக்கு நெசமாவே கோவம் வந்துச்சு. வெச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"எட்டு நாளாச்சேடா அதுக்கு. நான் மாங்கல்ய தாரணத்தையே தொலைச்சிட்டு உக்காந்திருக்கேன்!"

தலையைத் தூக்கவில்லை. இருபத்தெட்டு வயசு. அன்றைக்குப் பத்தொன்பது.

திட்டினேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் திட்டினேன். வாயில் வந்த எல்லாவற்றையும் சொன்னேன், வராத சிலவற்றையும் தேடிப் பிடித்துச் சொன்னேன். நடுவில் சோறு போட்டேன், திட்டிக்கொண்டே. ரசம் ஊற்றும்போதும் திட்டினேன். சாப்பிட்டான். அவனுக்குப் பசி.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அந்த லேபிளை மூடி வைத்திருந்தது அவன் மட்டும்தானா? ஒன்பது வருஷத்தில் நானாவது ஒரு நாள் எடுத்துப் பார்த்திருக்கலாம். தம்பி சொன்னான் என்று விட்டுவிட்டேன். சாரை வரச் சொல்லுங்கள் என்று ராஜா சொன்னதற்கு அவ்வளவு துள்ளிய நான், என் மெஷினைப் பற்றி நானே இன்னொருத்தர் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அரூர். நானும் ஜோவும்.

கடையில் தீபாவளிக் கூட்டம். அதுவும் நல்லதுதான். கூட்டத்தில் திட்டியதைக் கூட்டத்தில்தான் திரும்ப எடுக்கவேண்டும். "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. உங்க கார்டு நல்ல கார்டு. என் சப்ளைதான் முந்நூறு" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. காது கொதித்தது. என் வாழ்க்கையில் இதைவிடச் சிரமமான வாக்கியம் நான் பேசியதில்லை.

ராஜா என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என்னையே பார்த்துப் பேசினார். "என் மேலயும் தப்பு இருக்குதுங்க. எட்டு முள் வயரு இல்லைன்னதுமே நான் லேபிளப் பாத்திருக்கணும். மாதாவ உரிக்க மனசு வரல."

புதுச் சப்ளை எடுத்துக் காட்டினார். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, லேபிளை நானே படித்தேன். ஐநூற்று ஐம்பது. பன்னிரண்டு வோல்ட்டில் நாற்பத்தைந்து ஆம்பியர். எட்டு முள் வயர் அதனுடனேயே வருகிறது. ஜோ பெட்டியைப் பின்பக்கம் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தான். "சிவப்பு சுவிட்சு இல்லைங்களா?" என்றான். "இப்ப வர்றதுல அது கெடையாதுங்க, தானாவே பாத்துக்கும்" என்றார் ராஜா. ஜோ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வீட்டில் நான்தான் மாட்டினேன். அவன் டார்ச் பிடித்தான். லேபிள்மேல் ஒன்றும் ஒட்டவில்லை.

அக்டோபர் 18, சனி

மாங்கல்ய தாரணத்தைத் திரும்ப வெட்டினேன். தவில் அதே இடத்தில் விழவில்லை, அரை நொடி முன்னாலேயே விழுகிறது. முதலில் செய்ததைவிட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை ஜோவிடம் சொல்ல மாட்டேன்.

மூன்று மணிக்கு எழுதக் கொடுத்தேன். பன்னிரண்டு சதவீதத்தில் வீட்டுக்காரர், ஜோ, நான் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். பதின்மூன்று வந்தது. வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போய்விட்டார். நாற்பது. எழுபது. நாலே முக்காலுக்கு நூறு.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து நேராகச் சின்னராஜ் கடைக்குப் போய்க் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசி வரி வந்ததும், "எடிட்டிங் பேரு எதுக்குங்க? ஸ்டுடியோ பேரு மட்டும் இருந்தாப் போதுமே" என்றார்.

"அது இருக்கும்ங்க. வேண்டாம்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்த நாற்காலி மூலையில் இருந்தது, பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல். நல்ல நாற்காலிதான். உங்களுக்கு முதுகு வலி என்பீர்களே, நீங்களே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நிர்மலா ஒரு தூக்கு நிறையப் பலகாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்களாம். பூவிழி ஃபோன் செய்தாள். "அக்கா, நான் நிமிர்றப்ப சரியா மேளம் விழுதே, அது நெசமாவே அப்பிடித்தான் நடந்துச்சா?"

"அப்படித்தான் நடந்துச்சு" என்றேன்.

அக்டோபர் 23, வியாழன்

சின்னராஜ் இரண்டு ஹார்டுடிஸ்க் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஐப்பசிக் கல்யாணம் ஒன்று, சீமந்தம் ஒன்று. வீட்டுக்கே.

அக்டோபர் 26, ஞாயிறு

மாதாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மானிட்டருக்கு மேலே சுவரில் மாட்டியாயிற்று. போன மூலை சட்டத்துக்குள் மறைந்துவிட்டது. கேத்தரின் அக்கா வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் மாதாவுக்கு மூச்சு வந்தது என்றது.

மதியம் ஜோவிடமிருந்து ஒரு போட்டோ. அவன் ரூமில் இருக்கிற ஒருத்தன் புதுக் கார்டு வாங்கப் போகிறானாம், பழைய சப்ளையை வைத்துக்கொண்டே. டார்ச் அடித்து லேபிளை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தான். ஒவ்வொரு எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தான்: "தாங்குமாக்கா?"

அவன் என்னிடம் கேட்கிறான்.

எந்தக் கார்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஆம்பியரைப் பார்த்து, காகிதத்தில் இரண்டு தடவை கணக்குப் போட்டேன். பிறகு பதில் எழுதினேன்.

"தாங்காது."

"சரிக்கா, சொல்லிடறேன்" என்று மட்டும் வந்தது.